முளைப்பயறு புளிச்சுப் போகுதா? பயறைத் திட்டுறதுக்கு முன்னாடி தண்ணியைப் பாருங்க!

ஒரே கடை, ஒரே பாக்கெட் பச்சைப்பயறு. சொந்த ஊரில் அம்மா ஊற வைத்துத் துணியில் கட்டினால் ரெண்டாம் நாள் காலையில் வெள்ளை வெளேர்னு வால் விட்டு நிற்கும். அதையே சென்னை ஃபிளாட்டில் கட்டினால் கால்வாசிப் பயறு கல்லு மாதிரி கிடக்கும், மீதி கொழகொழவென்று புளிச்ச வாடை அடிக்கும். பழி நேராகப் போய்ச் சேர்வது மளிகைக் கடைக்காரர் மேல்தான். 'பழைய பயறைத் தலையில கட்டிட்டான்!'

பயறு பழசாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆனால் இந்தச் சமையலில் மொத்தமே ரெண்டே பொருள்தான்: ஒன்று பயறு, இன்னொன்று தண்ணீர். ஊறி முடிக்கும்போது பச்சைப்பயறின் எடை ஏறக்குறைய ரெண்டு மடங்காகிவிடும். முளை வளர வளரத் தண்ணீரின் பங்கு இன்னும் கூடும். கிண்ணத்தில் இருப்பதில் பாதிக்கு மேல் தண்ணீர் என்கிறபோது, அது எந்தக் குழாயில் இருந்து வந்தது என்ற கேள்வி வந்தே ஆக வேண்டும்.

அந்தக் கேள்வியை ரெண்டாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. இந்தத் தண்ணியில் பயறு முளைக்குமா? இந்தத் தண்ணியில் முளைத்ததைப் பச்சையாகச் சாப்பிடலாமா? பெரும்பாலானவர்கள் முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். உடம்புக்கு வினை வைப்பது ரெண்டாவது கேள்வி.

போர் தண்ணி: உப்பு எப்படித் தடுக்கிறது?

காய்ந்த பயறு தண்ணீரை உறிஞ்சுவது, உள்ளே வறட்சியும் வெளியே ஈரமும் இருப்பதால். வெளியே இருக்கும் தண்ணீரில் உப்பு கூடினால் அந்த இழுவிசை குறையும். உப்புப் போட்டு வைத்த வெள்ளரிக்காய் தண்ணி விடுவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பு இருக்கும் பக்கமே தண்ணீரும் போகும். உப்புத் தண்ணீருக்குள் கிடக்கும் பயறுக்கும் இதே சிக்கல். தேவையான ஈரம் மெதுவாகத்தான் உள்ளே இறங்கும், முளை தாமதமாகும், சில விதைகள் கிளம்பவே கிளம்பாது. பயறு வகைகள் பொதுவாகவே உப்பை அவ்வளவாகத் தாங்காதவை.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள், தாதுக்கள் எல்லாவற்றின் மொத்த அளவுதான் டிடிஎஸ். இந்தியக் குடிநீர் தரநிலையான ஐ.எஸ். 10500-ன்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதி. கடின நீருக்கும் இப்படியே இரண்டு எல்லைகள்: 200, வேறு வழியில்லாவிட்டால் 600. கடற்கரையை ஒட்டிய ஊர்களில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே புகுந்திருக்கிறது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பகுதி இதற்குப் பல பத்தாண்டுகளாகச் சொல்லப்படும் உதாரணம்.

அதற்காக டிடிஎஸ் 600 என்று மீட்டர் காட்டியதும் பதற வேண்டியதில்லை. அந்த அளவில் பச்சைப்பயறு முளைத்துவிடும். வாயில் வைத்தாலே கரிக்கிற தண்ணீர்தான் பிரச்சினை. சோப்பு நுரைக்காமல், பாத்திரத்தில் வெள்ளைப் படலம் விடுகிற கடின நீரிலும் முளை வரும். என்ன, அந்தத் தண்ணீரில் ஊறிய பருப்பு வேக நேரம் எடுக்கும். அதில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் தோலையும் சதையையும் இறுக்கிப் பிடித்துக்கொள்வதே காரணம். 'எத்தனை விசில் விட்டாலும் வேகலை' என்ற புலம்பலுக்கும் பல வீடுகளில் இதுதான் விளக்கம்.

குளோரின் மேல் வீண் பழி

'கார்ப்பரேஷன் தண்ணியில குளோரின் இருக்கு, அது விதையைக் கொன்னுடும்' என்று சொல்லி, பிடித்த தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்த பிறகே பயறு ஊற வைப்பவர்கள் உண்டு. இந்தப் பயம் தேவையில்லை.

குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது அதே ஐ.எஸ். 10500. அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 1 மில்லிகிராம். ஒப்பிட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் வணிக ரீதியாக முளைப்பயறு தயாரிப்பவர்களுக்கு, விதையில் இருக்கும் கிருமியை அழிக்கப் பரிந்துரைக்கப்பட்ட முறைகளில் ஒன்று 20,000 பிபிஎம் கால்சியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் நனைப்பது. குழாய்த் தண்ணீரைவிடப் பல ஆயிரம் மடங்கு காரம். அதில் நனைத்துக் கழுவிய பிறகும் விதை முளைக்கிறது. (இதை வீட்டில் பிளீச்சிங் பவுடரை வைத்து முயற்சி செய்யவே கூடாது. பயிற்சியும் பாதுகாப்புக் கருவிகளும் உள்ளவர்கள் செய்யும் வேலை அது.)

உண்மையில் குழாயில் வரும் அந்தத் துளி குளோரின் நண்பன். வழியில் புகும் கிருமிகளை ஓரளவு தடுத்து வைப்பது அதுதான். திறந்து வைத்தால் அது பறந்து போகும். அப்புறம் அந்தக் குடத்துக்குக் காவல் இல்லை.

ஆர்ஓ, கேன்: சுத்தம், ஆனால்...

அப்படின்னா ஆர்ஓ தண்ணியே ஊத்திடலாமா? முளைப்பதைப் பொறுத்தவரை தாராளமாக ஊற்றலாம். 'ஆர்ஓ தண்ணியில சத்தே இல்லை, முளை எப்படி வரும்' என்று கேட்பவர்களுக்குப் பதில் விதைக்குள்ளேயே இருக்கிறது. முதல் சில நாட்களுக்கு வேண்டிய சாப்பாட்டை விதை கையோடு கட்டிக்கொண்டுதான் வருகிறது. அதற்கு வெளியில் இருந்து தேவை ஈரமும் காற்றும் அளவான வெப்பமும்தான்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று வாளியில் பிடித்து வைப்பது நல்ல பழக்கம். வீடு துடைக்கலாம், டாய்லெட்டில் ஊற்றலாம். அதில் பயறு மட்டும் ஊற வைக்காதீர்கள். வடிகட்டிய உப்பெல்லாம் திரண்டு நிற்பது அதில்தான்.

கேன் தண்ணீரின் கதை வேறு. சீல் உடைக்காத கேன் சுத்தமாக வந்திருக்கலாம். ஆனால் அதில் பெரும்பாலும் குளோரின் மிச்சம் இருக்காது. சீல் உடைத்து, கழுவிப் பல மாதமான டிஸ்பென்சரில் கவிழ்த்து, ஒரு வாரம் வெயில் படும் மூலையில் வைத்திருந்தால் அதில் கிருமி பெருகுவதைத் தடுக்க எதுவும் இல்லை. பி.ஜி., ஹாஸ்டல், பேச்சிலர் ரூம்களில் இது தினசரிக் காட்சி.

இங்கேதான் டிடிஎஸ் மீட்டர் ஒரு பொய்யான நிம்மதியைக் கொடுத்துவிடுகிறது. ஆன்லைனில் வாங்கிய மீட்டரைக் கேன் தண்ணீரில் முக்கி, '50தான் காட்டுது, சூப்பர் தண்ணி' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தக் கருவி தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை அளந்து உப்பின் அளவைக் கணிக்கிறது. கிருமி அதன் கண்ணில் படாது. சாக்கடை கலந்த தண்ணீரும் 300 காட்டலாம். சுத்தமான கிணற்றுத் தண்ணீர் 900 காட்டலாம். பச்சையாகச் சாப்பிடும் பயறுக்கு ரெண்டில் எது ஆபத்து என்று அந்த எண்ணால் சொல்ல முடியாது.

பயறுக்குப் பிடித்தது கிருமிக்கும் பிடிக்கும்

முளை கட்டுவது என்றால் என்ன? ஈரம், இருட்டு, இளஞ்சூடு, ஊட்டச்சத்து எல்லாம் கொடுத்து ரெண்டு மூணு நாள் மூடி வைப்பது. ஆய்வகத்தில் பாக்டீரியா வளர்ப்பவர்கள் செய்வதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். வசதியான சூழலில் ஈ.கோலை போன்ற பாக்டீரியா அரை மணி நேரத்துக்குள் ஒன்று ரெண்டாகிவிடும். முதல் நாள் ராத்திரி நாலைந்து இருந்தவை, முளை நீளும் நேரத்துக்குள் லட்சங்களைத் தாண்டிவிட முடியும். அதன் பிறகு அலசினால் எல்லாம் போய்விடாது. முளையின் இடுக்குகளில் அவை ஒட்டிக்கொண்டிருக்கும்.

புளிச்ச வாடை வந்தால் தூக்கிப் போட்டுவிடுவார்கள், சரி. நோய் உண்டாக்கும் கிருமிகள் பல நேரம் வாடையே காட்டாது. பார்க்கப் பளிச்சென்று இருக்கும் கிண்ணத்திலும் அவை இருக்க முடியும்.

உலகம் இதற்கு விலை கொடுத்திருக்கிறது. 1996-ல் ஜப்பானின் சகாய் நகரில் ஆயிரக்கணக்கான பள்ளிக் குழந்தைகள் ஈ.கோலை ஓ157 தொற்றால் பாதிக்கப்பட்டார்கள். மதிய உணவில் இருந்த முள்ளங்கி முளைகள் மேல்தான் சந்தேகம் விழுந்தது. 2011-ல் ஜெர்மனியில் ஈ.கோலையின் இன்னொரு கொடிய வகை பரவியது. ஏறத்தாழ 4,000 பேர் பாதிக்கப்பட்டு, 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. விசாரணை போய் நின்ற இடம் வெந்தய முளைகள். நம் அடுக்களையில் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் அதே வெந்தயம்.

ஜெர்மனி சம்பவத்தில் கிருமி விதையோடு வந்தது என்பதே விசாரணையின் முடிவு. அப்போ தண்ணீருக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ரெண்டு சம்பந்தம். ஒரு விதையில் இருக்கும் கிருமியைக் கிண்ணம் முழுக்கக் கொண்டு சேர்ப்பது தண்ணீர். விதையில் கிருமி இல்லாதபோது புதிதாகக் கொண்டு வரக்கூடியதும் தண்ணீர். அமெரிக்காவில் முளைப்பயறு தயாரிக்கும் நிறுவனங்கள் ஒவ்வொரு தொகுதியிலும், முளை மேல் ஊற்றி வடிந்த தண்ணீரைக் கிருமிக்காகச் சோதிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கிண்ணத்துக்குள் என்ன நடக்கிறது என்று வடிந்த தண்ணீரே காட்டிக்கொடுத்துவிடும்.

அங்கே ஆலைக்கு அவ்வளவு கட்டுப்பாடு. இங்கே வீட்டில் ஓவர்ஹெட் டேங்க் கடைசியாக எப்போது கழுவப்பட்டது என்றால் யாருக்கும் தெரியாது. மே மாத வெயிலில் மொட்டைமாடி டேங்க்கில் இருந்து மதியம் வரும் தண்ணீர் குளிக்கவே சுடும். அந்த வெதுவெதுப்பில் பயறை ராத்திரி முழுக்க ஊறப் போட்டால் விடிவதற்குள் புளிக்க ஆரம்பித்துவிடும். கோடையில் 6 மணி முதல் 8 மணி நேர ஊறலே போதும், அதுவும் ஆறிய தண்ணீரில்.

மூணு டம்ளர் சோதனை

குறை பயறிலா, தண்ணீரிலா என்று வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். மூணு டம்ளர் எடுத்து, ஒவ்வொன்றிலும் 50 பயறை எண்ணிப் போடுங்கள். ஒன்றில் போர் தண்ணி, ஒன்றில் குழாய் அல்லது லாரி தண்ணி, ஒன்றில் கொதிக்க வைத்து ஆறிய குடிநீர். 8 மணி நேரம் ஊறிய பிறகு வடித்து, தனித்தனி ஈரத்துணியில் கட்டி, அதே தண்ணீரில் காலை மாலை நனைத்து வாருங்கள். ரெண்டாம் நாள் எத்தனை முளைத்தது என்று எண்ணுங்கள்.

மூணிலும் முளை குறைவு என்றால் பயறு பழசு. கடைக்காரரிடம் சண்டைக்குப் போகலாம். போர் தண்ணியில் மட்டும் குறைவு என்றால் காரணம் உப்பு. மூணிலும் நன்றாக வந்தால் முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ரெண்டாவது கேள்விக்கு இந்தச் சோதனையில் பதில் இல்லை. அதற்குப் பாக்டீரியா பரிசோதனைதான் வழி. தரநிலைப்படி 100 மில்லி குடிநீரில் ஒரு ஈ.கோலைகூட இருக்கக் கூடாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் கட்டித் தண்ணீரைச் சோதிக்கலாம். ஹெச்2எஸ் பாட்டில் என்ற எளிய சோதனையும் இருக்கிறது. 1982-ல் இந்திய விஞ்ஞானிகள் வெளியிட்ட முறை இது. பாட்டிலில் தண்ணீரை ஊற்றி ஓரிரு நாள் வைத்தால், மலக்கிருமி கலந்திருக்கும் பட்சத்தில் கறுப்பாக மாறும். ஆய்வகச் சோதனைக்கு இது மாற்று இல்லை. சந்தேகத்தை உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு முதல் படி.

சரி, எந்தத் தண்ணியில கட்டுறது?

நூறு கிராம் பயறுக்கு ஊற வைக்க, அலச எல்லாம் சேர்த்து ரெண்டு மூணு லிட்டர் தண்ணீர் போதும். ஒரு குடும்பம் அரை நாளில் குடிக்கும் அளவுகூட இல்லை. அதனால் இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

மண், தூசி போக முதல் ரெண்டு தடவை குழாய்த் தண்ணீரில் கழுவலாம். அதற்கு அடுத்து வரும் அலசல், ஊற வைப்பது, தினசரி நனைப்பது, கடைசி அலசல் எல்லாமே குடிக்கிற தண்ணீரில் இருக்கட்டும். போர் தண்ணியைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், கடினத்தன்மை கொஞ்சம் குறையும், ஆனால் உப்பு போகாது. கரிக்கிற தண்ணீர் கொதித்தாலும் கரிக்கும். துணியை ஒவ்வொரு தடவையும் கொதிநீரில் அலசிக் காய வைக்க வேண்டும். நல்ல தண்ணீரை ஊற்றிவிட்டு, அடுப்படி கைப்பிடித் துணியிலேயே பயறைக் கட்டினால் எல்லாம் வீண். முளைத்ததை உடனே ஃபிரிட்ஜில் வைத்து, ரெண்டு நாளுக்குள் முடித்துவிடுவது நல்லது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரே ஒரு விதியை நினைவில் வைத்தால் போதும். ஒரு தண்ணீரை அப்படியே மொண்டு குடிக்கத் தயக்கம் இருந்தால், அதில் கட்டிய பயறைப் பச்சையாகச் சாப்பிடக் கூடாது. வேக வைத்துவிட வேண்டும். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் எந்தத் தண்ணீரில் கட்டியிருந்தாலும் பச்சையாகச் சாப்பிடாமல் இருப்பதே பாதுகாப்பு. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் அறிவுரையும் இதுதான்.

ரீல்ஸில் வராத வரி

'தினமும் காலையில ஒரு கப் முளைப்பயறு, பச்சையா' என்பது ஃபிட்னஸ் ரீல்ஸின் தேசிய கீதம் ஆகிவிட்டது. ஜிம் டிரெய்னர் சொல்கிறார், டயட் சார்ட் சொல்கிறது, ஆபீஸ் கேன்டீன் சாலட் கவுன்டரிலும் அதுதான். ஒன்றிலாவது 'எந்தத் தண்ணியில?' என்ற கேள்வி உண்டா? குழாயைத் திறந்து அப்படியே குடிக்க முடிகிற ஊர்களில் பிறந்த அறிவுரை அது. அந்த ஊர்களிலேயே எச்சரிக்கையோடுதான் சொல்கிறார்கள். லாரியில் வந்து சம்ப்பில் இறங்கி, மோட்டாரில் ஏறி, டேங்க்கில் கிடந்து வரும் தண்ணீரைப் புழங்குபவர்களுக்கு எச்சரிக்கையை வெட்டிவிட்டு அறிவுரையை மட்டும் கொடுப்பது அநியாயம்.

தமிழ்நாட்டு அடுக்களை இதை வேறு மாதிரி கையாண்டிருக்கிறது. முளைகட்டிய கேழ்வரகு காய்ந்து, வறுபட்டு, மாவாகிக் கஞ்சியாகக் கொதித்த பிறகே குழந்தையின் வாய்க்குப் போகும். முளைகட்டிய பயறு குழம்பில் கொதிக்கும், சுண்டலாக வேகும். வேக வைத்தால் வைட்டமின் சி கொஞ்சம் குறையும், உண்மைதான். புரதம் எங்கேயும் ஓடிவிடாது. அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் அந்த வைட்டமினும் திரும்பக் கிடைத்துவிடும். நல்ல தண்ணீருக்கு வழியில்லாதவர் முளைப்பயறையே விட்டுவிட வேண்டியதில்லை. அஞ்சு நிமிஷம் ஆவியில் வைத்தால் போதும்.

ஆனால் எல்லாப் பொறுப்பையும் வீட்டின் தலையில் கட்டிவிட்டுப் போவதும் நியாயம் இல்லை. லட்சக்கணக்கில் பராமரிப்புக் கட்டணம் வசூலிக்கும் அபார்ட்மென்ட் சங்கங்கள் லிஃப்ட்டுக்கு வருடாந்தர ஒப்பந்தம் போடுகின்றன. சம்ப்பும் டேங்க்கும் கழுவிய தேதியை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதும், வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது போர் தண்ணியைக் கிருமிச் சோதனைக்கு அனுப்பி, ரிப்போர்ட்டை வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் அதைவிடக் கஷ்டமான வேலை இல்லை. பி.ஜி. நடத்துபவர்களிடம் வாடகை கொடுப்பவர்கள் கேட்டே வாங்க வேண்டிய விவரம் இது.

அரசும் தண்ணீர் வரும் நாளை அறிவிப்பதோடு நிற்கக் கூடாது. குழாயில் குளோரின் எவ்வளவு இருந்தது, ஈ.கோலை இருந்ததா என்ற சோதனை முடிவுகளைத் தெரு வாரியாக, போனில் பார்க்கிற மாதிரி வெளியிட வேண்டும். மின்வெட்டு, பஸ் நேரம் எல்லாம் கையில் வந்துவிட்ட காலத்தில் இது பெரிய கோரிக்கை இல்லை.

அதுவரைக்கும் பயறை ஊற வைக்கும் முன் அந்தத் தண்ணியை ஒரு டம்ளர் பிடித்துப் பாருங்கள். குடிக்க மனசு வந்தால் பச்சையாகச் சாப்பிடலாம். வராவிட்டால் அடுப்பைப் பற்ற வையுங்கள்.